முப்பத்திரண்டாவது அட்டை

ஒரு கல்லைக்கூட எறியாமல், நாற்பது காடையர் ஏறிவந்த லொறியை ஆகாயத்தில் பறக்கவிட்டவன் நான். அது பறந்த பறப்பைப் பார்த்து வெட்கப்பட்ட பருந்துகள் ஒரு கிழமை மரத்தைவிட்டு இறங்கவில்லை.

நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. என் மச்சான் தேவராசாவும் நம்புவதில்லை. என் மனைவி சத்தியபாமாவின் தமையன் அவர். முப்பது வருடம் நீதிமன்றப் பதிவாளர். தான் பிறந்ததையே சான்றிதழைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டிருப்பார். அன்று எங்களோடு அவரும் இருந்தார் என்பதுதான் வேடிக்கை. நான் கதையைத் தொடங்கினால், "அட்டை எங்கை?" என்பார். அட்டை இல்லையென்றால் அது நடக்கவில்லையாம்.

அட்டை என் கண்டுபிடிப்பு. வீதி இலாகாக் கந்தோரில் படம் வரைபவனாக இருந்தபோது, கண்டியிலிருந்து திகன வழியாக ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும் வீதியில் நடந்த ஒவ்வொரு விபத்துக்கும் ஓர் அட்டை எழுதினேன். இடம், நேரம், மழையா வெயிலா, ஏற்றமா இறக்கமா, எத்தனை பேர், காரணம். அட்டைக்கு ஒரு சிவப்புக் குண்டூசி சுவர் வரைபடத்தில் ஏறும். கந்தோரில் என்னைத் தையற்காரன் என்றார்கள்.

ஹுன்னஸ்கிரியவுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் மட்டும் நாலு வருடத்தில் முப்பத்தொரு ஊசி. அட்டைகளைப் பிரித்து அடுக்கிப் பார்த்தேன். இருபத்தாறு விபத்துகள் பின்னேரம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில், மேட்டைத் தாண்டி இறங்கும்போது, மலைப்பனி மூடும் புகாரில் நடந்தவை. சாரதிக்கு வளைவு தெரிவதில்லை. நேரே பள்ளம்.

வெளி விளிம்பில் வெள்ளைப் பெயின்ற் அடித்த கற்களை வைப்பித்தேன். பதினாலு மாதம் ஓர் ஊசி விழவில்லை. லொறிக்காரர் வீதியைப் பார்ப்பதை விட்டு, என் கற்களைப் பார்த்தே திருப்பப் பழகிக்கொண்டார்கள். எந்தச் சாமிக்கும் அப்படிப்பட்ட பக்தர்கள் கிடைத்ததில்லை.

பிறகு எண்பத்து மூன்று ஆடி வந்தது, தமிழர் வீடுகளைத் தேடித்தேடி எரித்த ஆடி.

கண்டியில் எங்கள் வீட்டுக்கு ஆயிரம் பேர் வந்தார்கள். சரி, முப்பது. முதலில் எதிர்க் கடைத் தியாகராஜாவை வீதிக்கு இழுத்து, அவருடைய இரும்புப் படிக்கல்லாலேயே மண்டையை உடைத்தார்கள். மூன்றாவது அடிக்குப் பிறகு அவர் கை எழவில்லை. அவர்கள் நிறுத்தவுமில்லை. எங்கள் வீட்டுக்குள் சைக்கிள் சங்கிலி சத்தியபாமாவின் தலையில் விழுந்து, காது தோலில் தொங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு பின்மதிலால் பாய்ந்தோம். இருபதடி மதிலை நான் கொக்குப்போலக் கடந்தேன். தேவராசா தன் கால்சட்டையை அதிலேயே விட்டுவிட்டுக் கடந்தார்.

பின்ஒழுங்கையில் ஜவாஹிர் நானா வானோடு நின்றார். திகனவில் புடவைக்கடை வைத்திருந்தவர், சரக்கு எடுக்க வந்திருந்தார். எங்களைப் புடவைக் கட்டுகளுக்கு அடியில் அடுக்கினார்.

"ஹுன்னஸ்கிரிய தோட்டத்து ஆஸ்பத்திரியில நம்ம கூட்டாளி இருக்கார். தைச்சுப் போடுவார். ரத்தம் நிக்குதா?"

"இல்லை நானா."

"அப்ப பேசாம படுங்க."

திகன தாண்டியதும் வீதிக்குக் குறுக்கே தார்ப் பீப்பாக்கள். நானா நிறுத்தவில்லை. பீப்பாவோடு அதைப் பிடித்திருந்தவனும் அடியில் போனான். சில்லு அவன்மேல் ஏறி இறங்கியது என் முதுகெலும்பில் தெரிந்தது. பின்னால் மற்றவர்கள் கத்தியபடி லொறியில் ஏறினார்கள்.

மேட்டைத் தாண்டி என் வளைவுக்கு வந்ததும் வான் ஆவி கக்கி நின்றது. முன்பக்கம் நசுங்கி, எஞ்சின் தண்ணீர் ஒழுகிப்போயிருந்தது. மணி நாலு. புகார். சத்தியபாமா நினைவில்லாமல் கிடந்தாள். புடவைக் கட்டு இரண்டு சிவந்திருந்தது. மேட்டின் அந்தப் பக்கம் லொறி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"ஒரு கான் தண்ணி இருக்கு. சூடு ஆறித்தான் ஊத்தணும். பத்து நிமிசம்," என்றார் நானா.

"அஞ்சு நிமிசத்தில வந்திடுவாங்கள். வானை வளைவுக்கு அங்காலை உருட்டுங்கோ. மச்சான், வாங்கோ, கல்லுத் தூக்க வேணும்."

"எங்கை வைக்க?"

"நேரா. ரெண்டு பக்கமும் வரிசையா, பள்ளம் வரைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முதல் கல்லுக்குக் குனிந்தார். ஒவ்வொரு கல்லும் யானைக்குட்டி நிறை. அப்படி இருபத்தாறு கல்லை நான் ஒருவனே ஒரு கையால் வைத்தேன் என்றுதான் சொல்லி வருகிறேன்.

லொறி மேட்டில் ஏறியது. கற்களைக் கண்டது. என்னை நம்பியது.

பிரேக் பிடித்த சத்தமே இல்லை. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே தகரம் கிழிந்தது, மரம் முறிந்தது, மனிதக் குரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து ஒவ்வொன்றாக அடங்கின.

வெளிக்கிட முன் கற்களைப் பழைய இடத்தில் திருப்பி வைத்தேன். அடுத்து வருபவன் விழக்கூடாதே. தோட்டத்தில் சத்தியபாமாவுக்கு முந்நூறு தையல் போட்டார்கள். அவள் பதினேழு என்பாள். இன்றும் அந்தக் காதைத் தலைமயிரால் மூடித்தான் கோயிலுக்குப் போகிறாள். மற்றபடி அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. ஜவாஹிர் நானா மௌத்தாகிப் பத்து வருடம். மிச்சமுள்ள சாட்சி தேவராசா மட்டும்.

போன கிழமை அவர் வந்து கதிரையில் அமர்ந்ததும் வழக்கம்போல் தொடங்கினேன். நாற்பது பேர், இருபத்தாறு கல், ஒரு கை.

"அட்டை இருக்கோ?" என்றார்.

"நான்தான் எழுதேல்லையே, மச்சான்."

"வெறும் அட்டை இருக்கோ எண்டு கேட்டனான்."

அலுமாரிக்குள் ஒன்று கிடந்தது. எடுத்தேன்.

"எழுதும். நேரம் நாலு பத்து. புகார். இறக்கம். ஆள் ஒன்பது."

"நாற்பது..."

"ஒன்பது. புகார் விலகினாப்போலை விளிம்பில நிண்டு எண்ணினனான். எட்டுப் பேர் அசையேல்லை. ஒருத்தன் 'வத்துர, வத்துர' எண்டு தண்ணி கேட்டுக்கொண்டே கிடந்தான். எங்களிட்டை இருந்த தண்ணியை வானுக்கு ஊத்திப்போட்டம்."

உள்ளே சத்தியபாமா கோப்பை கழுவும் சத்தம் நின்றது. என் பேனா அடுத்த கட்டத்துக்கு வந்தது.

"காரணம் எண்டு ஓர் இடம் இருக்கு," என்றேன்.

"கல்லு இடம் மாறியிருந்தது. பதினொரு கல்லு. அஞ்சு நீர், ஆறு நான்." கையெழுத்துப் போடப் பேனாவுக்குக் கை நீட்டினார். "எழுதும், லிங்கம். நடந்தது."