வந்துட்டான், வந்து பாரு

டி.வி.க்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைத் துழாவிக்கொண்டிருந்தார் பெரியப்பா. சாவு வீடு என்றால் பொறுப்பு தானாக வந்து அவர் தோளில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்குச் செத்தது சொந்தத் தம்பி வேறு.

"அதுல கை வைக்காதீங்க அத்தான்," என்றாள் அம்மா.

"ஏம்மா, கட்டில்ல அவனைப் போட்டுட்டு எதிர்ல படம் ஓடினா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"ஓடலயே. நிக்குதுல்ல."

நின்றுதான் இருந்தது. திரையில் ஏதோ ஒரு மடாலயத்தின் பின்கட்டு. சாத்திய மரக்கதவு, இடுக்கில் கொஞ்சம் புகை. ஆள் யாரும் இல்லை.

மருந்துக்கடை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்த மகள், கதவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். ரிமோட் இன்னும் வலதுகைக்குள் இருந்தது. கட்டிலுக்குத் தூக்கியபோது அதுவும் கூடவே வந்துவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தெருவில் பெயர் 'பிக்கு'. புத்த பிக்குகள் வருகிற படமென்றால் எந்தத் தேசத்துப் படமானாலும் சிடி வாங்கிவிடுவார். ஒரு பிக்கு நடப்பார். நடந்துகொண்டே இருப்பார். மணி அடிக்கும். இன்னொரு பிக்கு கண்ணை மூடுவார். படம் முடிந்துவிடும். அதைப் பார்த்த கையோடு, அடுப்பில் பொங்கி வழிந்த பாலைக் காட்டி, "எதுவும் நிலையில்ல" என்பார். பற்று கூடாதென்று அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். ரிமோட்டை மட்டும் குளிக்கப் போகும்போதுகூடக் கீழே வைத்ததில்லை.

அம்மா தொழிலாளர் விடுதியில் சமையல்காரி. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொரு உலை வைக்கிறவள். கோபம் வந்தால் அவள் வாய் பேசாது, பாத்திரம் பேசும். பிறகு ஈரக்கையை முன்னும் பின்னுமாக இடுப்பில் இரண்டு அறை அறைந்து துடைத்துக்கொள்வாள். நாலு வீடு தள்ளிக் கேட்கும். அந்தப் படங்களைப் பற்றி அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி: "இத்தனை பேரு கண்ண மூடி உக்காந்திருக்கானுங்களே, இவனுங்களுக்கு யாரு சோறாக்குறது? ஒரு படத்துலயாவது காட்டுறானா?"

அப்பா புன்னகைப்பார். அந்தப் புன்னகைக்கே ரெண்டு வைக்கலாம் போலிருக்கும்.

"அணைச்சாத்தான் என்னம்மா?" மகள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கூப்பிட்டாருடி. 'இங்க வா, வந்துட்டான், வந்து பாரு'ன்னாரு. யாருன்னேன். வந்து பாரேன்னாரு. கை ஈரமா இருக்கு, வர்றேன்னேன்." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "குக்கரைக் கழுவிக் கவுத்துட்டு வந்தா இப்படி."

நல்ல இடம் வந்தால் கொஞ்சம் பின்னால் ஓட்டி நிறுத்திவைத்துக்கொண்டு கூப்பிடுவது அப்பாவின் வழக்கம். வர்றேன் வர்றேன் என்று வராமலே இருப்பது அம்மாவின் வழக்கம்.

"அப்புறமாத் தேடிப் பாத்துக்கலாம்மா."

"எங்கன்னு தேடுவ? படம் முழுக்க ஒருத்தன் நடக்குறான். எந்த எடத்துல இவரு யாரைப் பாத்தாருன்னு யாரு வந்து சொல்லுவா? எனக்குத் தெரியணும்."

பெரியப்பாவின் காதுக்கு இதில் பாதி போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் செய்தி தெருமுனையைத் தொட்டுவிட்டது: பிக்குவை அழைத்துப்போக ஆள் வந்திருக்கிறது, போகும் முன் அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் பெரியப்பா பிளக் பக்கம் போகவே இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் திரையைக் காட்டினார்.

"கதவு தெரியுதா? அந்தப் பக்கம் போயிட்டான்."

எதிர்வீட்டு போட்டோக்காரர் டி.வி.யையே கும்பிட்டுவிட்டுப் போனார். மகளுக்குப் பல்லைக் கடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பொழுது சாயும்போது வண்டி வந்தது. தூக்க வந்தவர்கள் கையைப் பார்த்துத் தயங்கினார்கள்.

"இருக்கட்டும்ப்பா," என்றார் பெரியப்பா. "ஆசையா வச்சிருந்தான். கூடவே போகட்டும்."

"அத்தான், அது போயிட்டா படம் நகராது. சிடி பெட்டியில பட்டனெல்லாம் உள்ள போயிருச்சு."

"இப்ப அதுவாம்மா முக்கியம்?"

"ஆமா."

அம்மா வெந்நீரில் துணியை நனைத்துவந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அந்த முஷ்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஒற்றி ஒற்றித் தேய்த்தாள். விரல் அசையவில்லை.

"ஊருக்கெல்லாம் விடு விடுன்னீங்களே," என்று முணுமுணுத்தாள். "இப்ப விடுங்க, பாப்போம்."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"வண்டி நிக்குதும்மா."

"நிக்கட்டும்."

சுண்டுவிரல் முதலில் இளகியது. மற்றவை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கடைசியில் கட்டைவிரல். அம்மா ரிமோட்டை எடுத்து, திறந்த கையைத் தன் கையால் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்தாள். பிறகு மகளிடம் நீட்டினாள். "போடு."

படாரென்று கதவு திறந்தது. புகையோடு ஒரு பிக்கு வெளியே வந்தார். குட்டை, தொப்பை, நெற்றியெல்லாம் கரி, கையில் பெரிய சட்டி. உள்ளே யாரையோ பார்த்து ஏதோ பாஷையில் திட்டிவிட்டு, சட்டியைத் தரையில் ணங்கென்று வைத்தார். தூரத்து மண்டபத்தில் வரிசையாக மொட்டைத் தலைகள். ஒரு கண்கூடத் திறக்கவில்லை. பிக்கு அவர்களைப் பார்த்து மூச்சை விட்டார். பிறகு ஈரக்கையை முன்னும் பின்னுமாகக் காவியின் இடுப்பில் இரண்டு அறை அறைந்து துடைத்துக்கொண்டார்.

"இவனா?" என்றார் பெரியப்பா, முகம் விழுந்துபோய்.

மகளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வெந்நீர்த் துணியை வைத்துவிட்டு இடுப்புக்குப் போன அம்மாவின் ஈரக்கை, பாதி வழியில் அப்படியே நின்றிருந்தது.