உள்பக்கத் தையல்

கணவருக்கு அணிவிக்க வேண்டிய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடுவதற்காக, உள்பக்கம் வெளியே வரும்படி அவள் திருப்பினாள். முதலில் உள்பக்கம், தையல் படிந்த பிறகே வெளிப்பக்கம். தையல்காரர் வீட்டில் இந்த வரிசை நாற்பத்திரண்டு ஆண்டுகளாக மாறியதில்லை. தையல்காரர் கூடத்தில் படுத்திருந்தார். காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் கேட்டார், கொடுத்தாள், குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தவர் பிறகு எழவில்லை. அவரை எடுத்துப் போகும் வண்டி நான்கு மணிக்கு வரும். இப்போது மணி இரண்டு அடிக்கக் கால் மணி இருந்தது.

இயந்திரத்தை விடும் முன் அவர் கடைசியாகத் தைத்து, ஒருமுறையும் உடுத்தாமல் வைத்திருந்த சட்டை அது. துவைக்கப்படாததால், தோள் தையலின் ஓரத்தில் அவர் இழுத்த நீலச் சாக்கட்டிக் கோடு அழியாமல் இருந்தது.

இஸ்திரிப் பெட்டி அந்தக் கோட்டின் மேல் வருவதற்கு முன்பே அவள் கை நின்றுவிட்டது.

"பின்பக்கம்தானே வரைவாரு," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பக்கத்தில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த நாத்தனார், காலையிலிருந்து வராத அழுகை இப்போது வருகிறது என்று எண்ணி, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வந்தது அழுகையன்று. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டு, அவள் ஏறக்குறைய ஓடினாள்.

முன்னறையில் தையல் மேசை இருந்தது. மிதிக்கும் இயந்திரம் இனி ஆகாது என்று இதய மருத்துவர் சொன்ன வாரமே, தையல்காரர் நடைபாதைக் கடையிலிருந்து ரேடியோ செய்யக் கற்றுத்தரும் பழைய புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. பொத்தான் டப்பாக்களில் ரெசிஸ்டர் என்னும் குட்டி மின்தடைகள் குடியேறின. ஈயம் உருக்கும் கோலுக்குக் 'குட்டி இஸ்திரி' என்று பெயர் வைத்தார். முதல் சிவப்பு விளக்கு எரிந்த பிற்பகலில், தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி இழுத்து வந்து காட்டினார். அடுத்து வாசலுக்கு மணி செய்தார். அடுத்து, இருட்டினால் தானே எரியும் விளக்கு. நான்காவதுதான் ரேடியோ.

அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. ரெசிஸ்டரின் மேல் மயிரிழையாக ஓடும் வண்ணப் பட்டைகள் அவருக்குத் தெரியாது. அளவைச் சொல்வது அந்தப் பட்டைகள்தாம். ஆகவே அவள் படிப்பாள்: பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. இடுப்பளவைத் திருப்பிச் சொல்வதுபோல அவரும் சொல்லிக்கொண்டு பற்றவைப்பார். அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவள் அவள். இந்த வேலையை வேறு யாரிடமும் விட்டிருக்க மாட்டாள்.

எட்டு நாள்களுக்கு முன்பு ரேடியோ முடிந்தது. அது பேசவில்லை. ஒவ்வொரு நாளும் இருவரும் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார்கள். நேற்று மாலை அவர் சொன்னார்: "நீதான் எங்கயோ சிவப்பை ஆரஞ்சுன்னு படிச்சிருக்க."

"முப்பது வருஷம் பிழை பாத்த கண்ணுங்க இது."

"கண்ணுக்கும் ரிட்டயர்மெண்ட் உண்டும்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் அதன்பின் அவரிடம் பேசவில்லை. காலையில் தண்ணீரைக்கூடப் பேசாமல்தான் நீட்டினாள்.

இப்போது ரேடியோவின் பலகையைத் தூக்கி, ஈயம் படிந்த அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கே இருந்தது நீலச் சாக்கட்டிக் கோடு. மேலிருந்து பார்த்து வரைந்த படம் புத்தகத்தில் இருந்தது; துணிக்கு வரைவதுபோல அதை அவர் பலகையின் பின்பக்கத்தில் வரைந்திருந்தார். இடம் வலமாகிவிட்டது. ரெசிஸ்டர்களுக்கு அதனால் பாதகமில்லை. எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். ஆனால் மூன்று டிரான்சிஸ்டர்கள் இருந்தன. மூன்று மூன்று கால்கள், ஒரு தட்டை முகம். ஒன்பது கால்களில் ஆறு, தத்தம் இடம் மாறி நின்றன.

மகள் வாசற்படியில் வந்து நின்றாள். பல் மருத்துவர், ஒரு மணி ரயிலில் வந்தவள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, அத்தை உன்னைத் தேடுறாங்க. இங்க என்ன பண்ற?"

"கதவைச் சாத்து. உன் கை நடுங்குமா?"

"பல்லு பிடுங்குற கை நடுங்கலாமா?"

"அப்ப உக்காரு. மூணு பிடுங்கணும்."

தாய் நடந்ததை விளக்க, மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பலகையை வாங்கினாள். அவள் முகத்தில் வேலைக்களை வந்துவிட்டது. வேர் முறியாமல் வரவேண்டுமா என்று கேட்டாள். அதே பல்லையே திருப்பி நட வேண்டும் என்று தாய் சொன்னாள். குட்டி இஸ்திரி சூடானது. தாய் ஈயத்தை உருக்க, மகள் இடுக்கியால் அசைத்து அசைத்து எடுத்தாள். முதலாவது வந்தது. இரண்டாவதும் வந்தது. புகையின் மணம் கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஏதோ கருகுகிறது என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் கதவைத் திறந்தாள்.

"அடிப்பாவிகளா. அவன் அங்க கிடக்கான். ஆத்தாளும் மகளும் இங்க என்னடி பண்றீங்க?"

"அக்கா, இன்னும் ஒண்ணுதான். அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க."

நாத்தனார் டார்ச்சைப் பிடித்தாள். சற்று நேரத்தில், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று அவளே குனிந்து பார்க்கவும் தொடங்கினாள்.

மூன்றரை மணிக்குக் கடைசிக் காலில் ஈயம் உறைந்தது. தாய் பேட்டரியை மாட்டினாள். ஒருவேளை சிவப்புதானோ? அவர் சொன்னதுதான் சரியோ? திருகை மெல்லத் திருப்பினாள். இரைச்சல். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

கோழிகளுக்கு வரும் சளியைப் பற்றி யாரோ ஒருவர், மிகுந்த பொறுமையுடன், விளக்கிக்கொண்டிருந்தார்.

மூவரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். கோழியை ஈரத்தில் விடக்கூடாது. தண்ணீர்த் தட்டை நாள்தோறும் கழுவ வேண்டும். மகள் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாயிற்று. "பேசுது பாரு, பேசுது பாரு," என்று நாத்தனார் டார்ச்சை அணைக்க மறந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாய் ரேடியோவை இரு கைகளிலும் ஏந்திக் கூடத்துக்கு நடந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். கோழி வைத்தியம் அவளோடு நடந்து வந்தது. அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தாள். அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, ஒலிபெருக்கி அவர் காதைப் பார்க்கும்படி ரேடியோவை வைத்தாள். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"கலர் எல்லாம் சரியாத்தாங்க படிச்சிருக்கேன்."



நாத்தனார் அருகில் வந்து, "திருப்பி வைடி. ஒயரும் ஈயமுமா ஜனங்க பக்கம் தெரியுது," என்றாள்.

"தெரியட்டும் அக்கா. உள்பக்கத்தைத்தான் அவரு எல்லாருக்கும் காட்டுவாரு."

அது உண்மை. எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பிக் காட்டாமல் அவர் தைக்கக் கொடுத்தவரிடம் தந்ததில்லை. நாத்தனார் ஓரத்தில் பிரிந்து நின்ற கம்பி ஒன்றை மட்டும் விரலால் உள்ளே தள்ளினாள்.

வண்டி வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவள் எழுந்து போய், இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். சூடேறும்வரை நின்றாள். பிறகு உள்பக்கத் தையலைத் தேய்த்து முடித்து, சட்டையை வெளிப்பக்கம் திருப்பினாள். நீலக் கோடு உள்ளே போயிற்று.