குற்றாலலிங்கத்தின் எலும்புக்குப் பிடித்தது

1996 ஆவணியில், திருவனந்தபுரம் ஆரியசாலைத் தெரு வத்தல் வியாபாரி குற்றாலலிங்கத்தின் தாடை எலும்பு, பொய்ப்பல் நிற்பதற்காகத் தனக்குள் முடுக்கியிருந்த டைட்டானியம் ஆணியை ‘தூ’ என்று துப்பியது. ஆணி பல்லோடு பறந்து எதிர்க்கடைக் கருப்பட்டிச் சிப்பத்தில் விழுந்தது. அன்றைக்கு வத்தல் விலை இறங்கியிருந்ததால் தெருவில் பேச்செல்லாம் விலையைப் பற்றித்தான்.

குற்றாலலிங்கம் வாயைத் திறந்தால் வழவழா கொழகொழாதான். வத்தல் காரமா என்று கேட்டால், காரம் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும் என்பார். அடுத்த கடையில் கணக்கு எழுதும் உலகம்மைமேல் அவருக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான். வீட்டுக்கு எப்போ வந்து கேப்பீங்க என்று வருஷக்கணக்காக அவள் கேட்க, “பாப்போம், பாப்போம்” என்று இவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் போனது நல்ல சாக்காகிவிட்டது. பல் கட்டிக்கிட்டு வந்து கேக்கேன் என்று சொல்லியிருந்தார்.

துப்பிய ஆணியோடு போனவரின் வாய்க்குள் பல் டாக்டர் ஷிஜா எட்டிப் பார்த்தபோது, எலும்பணுக்கள் புலம்புவது தெளிவாகக் கேட்டது. வியாபாரி பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எலும்பு பேசியதோ சுத்தத் திருநெல்வேலித் தமிழ். “என்னவே ஆணி இது, எண்ணெய் தடவுன மாரி வழுக்குது! காலூன இடம் வேண்டாமா? இவன் பேச்சுதான் வழவழான்னா, ஆணியுமா?” டாக்டர் ஆச்சரியப்படவில்லை. “சாரே, எல்லு பிடிச்சில்லா, கேட்டோ. எலும்புக்குப் பிடிக்கல. பாலிஷ் கூடிப்போச்சு. சொரசொரப்பான ஆணி வரும், வெயிட் பண்ணணும்” என்றாள். குற்றாலலிங்கத்துக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. மூன்று வருஷம் ஆனந்தமாக வெயிட் பண்ணினார்.

1999-இல், மணலடித்து அமிலத்தில் முக்கி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமெல்லாம் உண்டாக்கிய ஆணி வந்து சேர்ந்தது. எலும்பணுக்கள் பள்ளத்துக்குள் காலை விட்டு, கையை அகல விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடும்பம் குட்டியோடு வீடே கட்டிவிட்டன. குறடு போட்டு இழுத்தாலும் பல் அசையாது. அதற்குள் உலகம்மையின் அண்ணன் பொறுமையிழந்து தென்காசியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தான்.

கண்ணெல்லாம் சிவந்துபோய் உலகம்மை வத்தல் கடைக்கு வந்தாள். “நாளைக்கு நிச்சயதாம்பூலம். இப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க.” அவருக்கும் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. அவளை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் பழக்கதோஷம், “பாப்…” என்று தொடங்கினார். தாடை டபக்கென்று மூடிக்கொண்டது. மூடிய வாய்க்குள்ளிருந்து எலும்பு பேசியது.

“ஏட்டி உலகம்மை, உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. கெட்டிக்கிடுதியா?”

“இப்போ கேட்டது யாரு?”

குற்றாலலிங்கம் வெட்கத்தோடு தாடையைத் தொட்டுக் காட்டினார்.

“சரி, அதையே கெட்டிக்கிடுதேன். நீங்களும் கூட வாங்க.”

ரிஜிஸ்டர் ஆபீசில் சம்மதமா என்று கேட்டபோதும் எலும்புதான் பதில் சொன்னது. கிளார்க் தலையைத் தூக்காமல் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.