சொன்ன பேச்சு கேட்காத நாய்

உலகத்தில் ஒருமுறைகூட வழி தவறாத மனிதர் ஒருவர்தான்; அவர் பதினான்காம் எண் பேருந்தை ஓட்டினார். இதை அவரே சொன்னதால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து ஊரின் தெருக்கள் இடம் மாறத் தொடங்கியபோதும் அவர் அசரவில்லை. தையல்கடைத் தெரு காலையில் ஆற்றோரம் போய்க் கிடக்கும், மாலையில் திரும்பிவிடும். நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. ஒட்டிய சுவரும் போய்விட்டது.

ஓட்டுநரின் தங்கைக்குக் கண் தெரியாது. மருத்துவமனைத் தொலைபேசி அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம். மூன்று நாள் தாமதமானால் வேலை போய்விடும். அவளை அழைத்துப்போகப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு பழுப்பு நாய் வந்திருந்தது. “நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், நீ நாய் பின்னாடி போறியா?” என்று அண்ணன், தன் ஒன்பது மணிப் பேருந்து நடைக்கு முன்னால், இரண்டு நாள் அவளைக் கைபிடித்து அழைத்துப்போனார். இரண்டு நாளும் ஒரு சலவைக்கூடத்தின் பின்வாசலில் போய் நின்றார்கள்; இரண்டு நாளும் தாமதம். தப்பு தெருவின் மேல்தான் என்றார் அண்ணன்.

மூன்றாம் நாள் தங்கை நாயின் வார்ப்பிடியைக் கையில் எடுத்தாள். அண்ணன் வேடிக்கை பார்க்கக் கூடவே நடந்தார். கடைசித் திருப்பத்தில் நாய் உட்கார்ந்துவிட்டது. “போ,” என்றாள். நகரவில்லை.

“சொன்ன பேச்சு கேக்காத நாய்க்கு ஒரு பள்ளிக்கூடம், அதுல சர்ட்டிபிகேட் வேற,” என்றார் அண்ணன்.

“கேக்கக்கூடாத நேரத்துல கேக்காம இருக்கத்தாண்ணே அங்க பாடமே. ஆபத்துன்னா நான் சொன்னாலும் போகாது.” சொல்லிக்கொண்டே அவர் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

“என்ன ஆபத்து? பளிச்சுனு ரோடு கெடக்கு,” என்று அவர் காலை எடுத்து வைக்கப்போக, ரோடு எழுந்து, இரண்டு விளக்குக் கம்பங்களையும் ஒரு சைக்கிளையும் தூக்கிக்கொண்டு வடக்கே போயிற்று. அது கிடந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழப் பள்ளம். எடுத்த கால் அந்தரத்தில் தொங்கியது. மீதி ஆள் தங்கையின் பிடியில் இருந்தார். நாய் எழுந்து இடப்பக்கம் திரும்பியது. எட்டு மணி வேலைக்கு நான்கு நிமிடம் இருக்கையில் தங்கை ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஓட்டுநர் ஏழரை மணி நடையைக் கேட்டு வாங்கினார். நாயும் தங்கையும் முன்னால் நடக்க, பத்தடி பின்னால் பதினான்காம் எண் பேருந்து ஹார்ன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது. எட்டு ஆண்டுகள் அப்படியே போயின. நாய் வழக்கமாக உட்காரும் இடங்கள் கால அட்டவணையில் நிறுத்தங்களாக ஏறிவிட்டன; பயணிகள் ஏறவும் இறங்கவும் பழகிக்கொண்டார்கள்.

புதிதாக வந்த நடத்துநர் மட்டும் ஒருநாள், “ரோடு காலியாத்தானே இருக்கு, எதுக்குண்ணே நிறுத்திட்டீங்க?” என்றார்.

ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நாய் எழுந்திருக்கக் காத்திருந்தார்.