தேக்குப் பொந்தில் கிடந்த புழு

மேட்டுப்பாளையம் ரோட்டிலுள்ள தன் மர மில்லில் ரிஃபத் அன்று காலை தேக்கு அறுத்துக்கொண்டிருந்தாள். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் வந்த மரம். அன்றைய ஐந்தாவது மரத்தடி பாதி அறுபட்டபோது ரம்பத்தின் சத்தம் மாறியது. அவளுடைய தம்பி ஆசிப் மெஷினை நிறுத்தினான்.

தடியின் நடுவில் ஒரு பொந்து இருந்தது. உள்ளே மரம் கருப்பாக மக்கிப் பொடியாகிக் கிடந்தது. அதற்குள் ஒரு புழு சுருண்டு படுத்திருந்தது. ரிஃபத் அதைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை போதவில்லை. வெள்ளைத் தோல், காப்பிக்கொட்டை நிறத்தில் தலை, விலாவில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைத் தூக்கியது போல் கனத்தது.

"என்னக்கா இது, எலிக்குஞ்சாட்ட இருக்குது!" என்றான் ஆசிப்.

ரிஃபத் சிரிக்கப் போனாள். அப்போதுதான் வெங்கடலட்சுமியின் தோப்பு நினைவுக்கு வந்தது.

வெங்கடலட்சுமிக்குக் காரமடைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. நான்கு வருடங்களுக்கு முன்னால் வாடல் நோய் வந்து பாதித் தோப்பு போனது. வெட்டிய மரங்களையெல்லாம் ரிஃபத்தின் மில்லுக்குத்தான் கொண்டுவந்தார். அறுபது வயதுக்கு மேலான அவர், ஒவ்வொரு மரம் அறுபடும்போதும் பக்கத்திலேயே நின்று பார்த்தார். இந்த வருடம் மறுபடியும் முந்நூறு கன்று வைத்திருந்தார். கன்றுகளுக்கு எரு போட மில்லின் மரத்தூளும் மக்கிய கட்டைகளும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. இதே லாரியில் வந்த மரங்களின் தூளும் கட்டைகளும் பத்து நாளாகப் போயிருக்கின்றன.

தென்னை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் காண்டாமிருக வண்டைத் தெரியும். மூக்கில் கொம்புள்ள அந்தக் கருப்பு வண்டு குருத்தைக் குடைந்து தின்னும். விரியும் ஓலை கத்தரியால் வெட்டியது போல் வரும். அதன் புழு எருக்குழியில்தான் வளரும், பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் பெருவிரல் அளவுதான். அந்தச் சின்னப் புழுவே அத்தனை நாசம் செய்யும் வண்டாகிறதென்றால், இது என்னவாகும்?

"இத எரிச்சுப்போட்டா முடிஞ்சுதுக்கா," என்றான் ஆசிப். "அங்க புழு போயிருக்குதா இல்லையான்னே தெரியாது. நாமளே போய்ச் சொன்னா, நாளைக்கு அந்தத் தோப்புல எந்த மரம் பட்டுப்போனாலும் நம்மளத்தான் சொல்லுவாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை என்றே ரிஃபத்துக்கும் பட்டது. ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு காலி பெயிண்ட் வாளியில் மக்கிய மரத்தூளைப் போட்டு, புழுவை அதில் வைத்து, மூடியை இறுக்கி, காரமடைக்கு வண்டியை எடுத்தாள்.

வெங்கடலட்சுமி தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க," என்று ஆரம்பித்து ரிஃபத் எல்லாவற்றையும் சொன்னாள். வாளியைத் திறந்து காட்டினாள்.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இது நம்ம எருக்குழிலயும் இருக்குதுங்கறியா?"

"இருக்கலாமுங்க. எனக்கே தெரியலீங்க."

வெங்கடலட்சுமி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நூத்தி இருவது கன்னுக்கு அந்த எருவ வெச்சுபோட்டனே, அம்மணி. போன வாரந்தான் வெச்சேன்."

திட்டியிருந்தால் ரிஃபத் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை.

வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் பூச்சிகளை ஆராயும் ஜெரோம் என்பவரின் நம்பரைத் தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார். அன்று மதியமே ஜெரோம் தோப்புக்கு வந்துவிட்டார். புழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் வைத்தும் பார்த்தார்.

"காண்டாமிருக வண்டும் இதுவும் சொந்தக்காரங்கதாங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது, ஆனா புழுவப் பார்த்து அடிச்சுச் சொல்ல மாட்டேன். வண்டாகி வெளிய வரணும்."

"அது வரைக்கும்?" என்று கேட்டார் வெங்கடலட்சுமி.

"இருக்கற எருவையெல்லாம் சலிச்சு, புழு ஒண்ணு விடாம எடுத்துரோணுங்க. மேலதிகாரிங்களுக்கும் எழுதிப்போடறேன். இத மட்டும் பூட்டுன ரூம்ல வெச்சு வளத்திப் பாக்கறேன்."

மறுநாளிலிருந்து சலிக்க ஆரம்பித்தார்கள். தோப்பில் வேலை செய்யும் ராசாத்தாளும் ரிஃபத்தும் குழியருகே தார்ப்பாயை விரித்து, எருவைக் கூடை கூடையாகக் கொட்டி, கையாலேயே கிளறினார்கள். ஊர்ப் புழுக்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைச் சோப்புத் தண்ணீரில் போட்டார்கள். ஒவ்வொன்று கைக்கு வரும்போதும் ரிஃபத் அதன் தலையின் அளவைத்தான் முதலில் பார்த்தாள். இரண்டாம் நாள் ஆசிப், யாரும் கூப்பிடாமலே, மில் ஆட்கள் ஐந்து பேருடன் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கன்றுகளின் வரிசைக்குப் போய் முதல் கன்றின் குழியைத் தோண்டினான்.

மூன்றாம் நாள் ராசாத்தாள் கூப்பிட்டாள். "அம்மணி, இங்க வாங்க! இது நம்மூருது இல்லீங்க. தலையப் பாருங்க, எம்மாம் பெருசு!"

எருக்குழியின் அடியில் இரண்டு, ஒரு கன்றின் தூரில் ஒன்று, ஆக மூன்று கிடைத்தன. அதன் பிறகு எவ்வளவு தேடியும் இல்லை. மூன்றையும் ஜெரோம் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு எடுத்துப் போனார்.

அந்த நாட்களில் வெங்கடலட்சுமி ரிஃபத்திடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மதியமானால் மட்டும் ஒரு தட்டு அவளுக்கும் வந்தது. "சாப்புடு கண்ணு," என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பிறகு காத்திருப்பது ஒன்றுதான் வேலை. தினமும் காலையில் வெங்கடலட்சுமி முந்நூறு கன்றுகளின் குருத்தையும் விரித்துப் பார்த்தார். ரிஃபத் போன் அடிக்கும்போதெல்லாம் ஜெரோமோ என்று பதறினாள். ஒரு மாதம் கழித்து அவர் பேசினார்: புழு தன் எச்சத்தையும் மரத்தூளையும் குழைத்து, உள்ளே வழவழப்பாக ஒரு கூடு கட்டிக்கொண்டது. தோலை உரித்துக் கூட்டுப்புழு ஆகிவிட்டது. இப்போதே கொம்பின் உருவம் தெரிகிறது. இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

கார்த்திகையில் ஒரு நாள், "வாங்க, ரெண்டு பேரும் வாங்க," என்று ஜெரோம் போனில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று ரிஃபத்தால் சொல்ல முடியவில்லை.

இரட்டைக் கதவுள்ள சின்ன அறைக்குள் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதில் ஒரு கட்டையின் மேல் அந்த வண்டு நின்றிருந்தது. கொம்போடு சேர்த்தால் முக்கால் சாண் இருக்கும். முதுகின் முன்பக்கத்திலிருந்து நீண்ட கருப்புக் கொம்பு தலைக்கு மேலாக வளைந்து நீண்டது. அதன் அடியில் பொன்னிறத்தில் மெத்தென்று முடி. தலையிலிருந்து இன்னொரு கொம்பு மேல்நோக்கி எழுந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு இடுக்கி போலிருந்தன. இறக்கை மூடி பச்சை கலந்த மஞ்சள், அதில் சிதறிய கரும்புள்ளிகள்.

"ஹெர்குலிஸ் வண்டுங்க," என்றார் ஜெரோம். "தென் அமெரிக்க மழைக்காட்டுல இருக்கறது. உலகத்துலயே நீளமான வண்டுகள்ல ஒண்ணு."

"தென்னை?" என்றார் வெங்கடலட்சுமி.

"தொடாதுங்க. புழு மக்குன மரத்தத்தான் திங்கும், உசுரோட இருக்கற மரத்துல அதுக்கு வேலையே இல்லீங்க. வண்டு கனிஞ்ச பழத்தயும் மரத்துல வடியற சாறையும் உறிஞ்சும். உங்க குருத்துக்கு ஒண்ணும் ஆகாது."

ரிஃபத் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"முட்டையிட்டிருக்காதுங்களா?" வெங்கடலட்சுமி இன்னும் விடவில்லை.

"நாலுமே புழுவாத்தானுங்க இருந்துச்சு. வண்டானாத்தான் முட்டை. அதுக்கு முன்னயே எடுத்துட்டோம். இது ஆண் வேற. கொம்பு ஆணுக்கு மட்டுந்தான் வரும்."

"இத்தன பெரிய கொம்ப வெச்சுட்டுப் பழத்தத்தான் திங்குமாக்கும்!"

"கொம்பு இன்னொரு ஆண் வண்டோட சண்டை போடறதுக்குங்க. இடுக்கித் தூக்கிக் கீழ போட்டுரும்." ஜெரோம் பெட்டிக்குள் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். மெல்ல மெல்ல மஞ்சள் இறக்கை கருக்க ஆரம்பித்தது. "ஈரம் பட்டாக் கருத்துரும், காஞ்சா மறுபடி மஞ்சளாயிரும்." பிறகு விரலால் லேசாகத் தொட்டார். வண்டு உஸ்ஸென்று சீறியது. வெங்கடலட்சுமி இரண்டடி பின்னால் குதித்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ரிஃபத்தும் சேர்ந்துகொண்டாள்.

வெளியூர்ப் பூச்சியை வெளியே விடக்கூடாது என்பதால் அது அந்த அறையிலேயே சாகும்வரை இருக்கும், சில மாதங்கள் உயிரோடிருக்கும் என்று ஜெரோம் சொன்னார்.

வெளியே வந்ததும் ரிஃபத் தம்பிக்குப் போன் போட்டாள். ரம்பச் சத்தத்துக்கு நடுவே ஆசிப் இரண்டு முறை "என்னது? என்னது?" என்றான். பிறகு சத்தம் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று அவன் சொல்வது தெளிவாகக் கேட்டது.

"நீ அன்னிக்கு வந்து சொல்லாம இருந்திருந்தா, இந்த மூணு மாசம் நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்," என்றார் வெங்கடலட்சுமி.

ரிஃபத் தலையைக் குனிந்தாள். "மன்னிச்சுக்குங்கம்மா."

"அட, அதுக்குச் சொல்லலே கண்ணு. அந்தப் புழு குருத்துத் திங்கறதா இருந்து, நீயும் சொல்லாம விட்டிருந்தா? நீ வந்து சொன்னதாலதான் எல்லாத்தையும் தேடி எடுத்தோம்." ரிஃபத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பசிக்குது அம்மணி. காலைல ஒரு வாயி கூட எறங்கலே."

"எனக்குந்தாங்க."

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் இருவரும் உட்கார்ந்து, இலையில் சாதம் தீரத் தீர வாங்கிச் சாப்பிட்டார்கள்.