புள்ளியில் தொடங்கும் கோப்புகள்

முப்பத்தொரு வருஷம் ஆலை வாசலில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதித்தவன் நான். சாப்பாட்டுத் தூக்குக்குள் தாமிரக் கம்பி, குடைக்குள் பித்தளைக் குழாய், எல்லாம் பார்த்தாயிற்று. ஒளித்து வைத்த பொருள் ஒன்றுகூட யோக்கியமாக இருந்ததில்லை.

அதனால், இரண்டு வருஷத்துக்கு முன் மருமகள் என் மனைவியின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்று ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டபோதே எனக்கு மனசு ஒட்டவில்லை.

"இது எவ்வளவும்மா?"

"காசே இல்ல மாமா. யார் வேணா எடுத்துக்கலாம். அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்."

"சும்மா குடுக்குறவன் சும்மாவா குடுப்பான்?"

"என்கிட்ட தினம் மூணு டீ சும்மாதானே வாங்கிக் குடிக்கிறீங்க?"

அன்றைய மூன்றாவது டீயை வாங்கிக்கொண்டேன்.

என் மனைவி ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறவள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததே இல்லை, ஆனாலும் நான் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவேன். நான் எழுதும் மளிகைச் சீட்டிலேயே சிவப்புக் கோடு போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கண்ணின் நடுப்பாகம் மங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, மருமகள் அவளுக்காகத் திரையையே மாற்றிக் கொடுத்தாள். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. எறும்பு மாதிரி இருந்த அம்பு வெண்டைக்காய் அளவுக்குப் பெருத்தது. டீச்சர் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தாள். நானும் கண் மங்குவது அதோடு நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் பதிப்பகத்துக்குப் போயிருந்தாள். என் ரத்தப் பரிசோதனைச் சீட்டை அந்தக் கம்ப்யூட்டரில்தான் போட்டு வைத்திருந்தாள். தேடும்போது எந்தப் பொத்தானில் கை பட்டதோ, அவளுடைய கோப்புகளுக்கு நடுவே வெளிறிப்போன வேறு பல கோப்புகள் முளைத்தன. எல்லாவற்றின் பெயருக்கும் முன்னால் ஒரு புள்ளி. அதுவரை ஒளிந்திருந்தவை. எனக்கா தெரியாது? ஒன்றுவிடாமல் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். குப்பையை வைத்துக்கொண்டு யார் குடித்தனம் நடத்துவது?

அவள் வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை வெள்ளை வெளேரென்று எரிந்தது. எழுத்தெல்லாம் கடுகு.

"ஏங்க, என்ன பண்ணுனீங்க?"

"களவாணிப் பசங்களைத் துரத்திவிட்டேன்."

அவள் திட்டவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய புத்தகம் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. அவளால்தான் படிக்க முடியவில்லை.

அம்மா வீட்டுக்குப் போயிருந்த மருமகள் மறுநாள் திரும்பி வந்தாள். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அது களவுப் பொருள் இல்ல மாமா. எழுத்து எவ்வளவு பெருசு, என்ன நிறம், எது எங்க இருக்கணும், எல்லாம் அதுலதான் எழுதியிருக்கும். கண்ணை உறுத்தக் கூடாதுன்னுதான் மறைவா இருக்கு. நல்லவேளை, நான் போட்டுக் குடுத்த அன்னைக்கு ஒரு நகல் எடுத்து வச்சேன்."

நகலை ஏற்றினாள். கறுப்பும் மஞ்சளும் திரும்பின. எனக்கு மூச்சு வந்தது.

"பாத்தியா டீச்சர், வந்துருச்சு!"

டீச்சர் திரை முன்னால் உட்கார்ந்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

"முதல் வரியைப் படிங்க அத்தை."

"அப்புறம் படிச்சுக்கிறேன். நீ வந்த களைப்புல இருப்ப, போய்க் கை கால் கழுவு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'உள்ளே ஒண்ணுமில்லண்ணே' என்கிறவனின் குரல்.

"டீச்சர்," என்றேன், "பையைத் திற."

திரையிலிருந்து முகத்தை விலக்கினாள். பிறகு சொன்னாள்: "இவ எழுத்தைப் பதினெட்டு அளவுல வச்சுக் குடுத்தா. எனக்குத் தெரியலன்னா நானே கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்குவேன்."

"கடைசியா எவ்வளவு அத்தை?"

"நாப்பத்தாறு."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன் சொல்லல டீச்சர்?"

"சொன்னா, போதும், வேலையை விட்டுடுன்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன். அதில் பொய் இல்லை.

"எந்திரிங்க மாமா, நீங்களே மாத்துங்க," என்றாள் மருமகள். "அழிச்ச கைதானே. நான் இடத்தைக் காட்டுறேன்."

மவுஸ் என்கிற எலியைப் பிடித்தேன். எண்ணை ஏற்றினேன். நாற்பத்தாறில் நிறுத்திவிட்டு, "போதுமா?" என்றேன். "இன்னும் ரெண்டு," என்றாள் மெதுவாக. ஏற்றினேன். மஞ்சள் கூசுகிறது என்றாள். எலுமிச்சை நிறத்திலிருந்து இறக்கி இறக்கிப் பலாச்சுளை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். திரையின் கீழே பொத்தான்களோடு இருந்த பட்டையை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"இடது ஓரத்துல வைங்க. நேரா எதைப் பாத்தாலும் நடுவுல ஓட்டை."

"நேரான்னா? என் மூஞ்சி?"

"ஓட்டைதான். செவுத்தைப் பாத்தாத்தான் நீங்க தெரியுறீங்க."

ஒரு வருஷமாக இவள் என்னோடு பேசும்போது சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறாள். ஏதோ கோபம் என்று நினைத்து, நானும் ரோஷத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் மருமகள் இரண்டு சுவருக்கும் டீ கொடுத்திருக்கிறாள்.

"முழுசாத் தெரியுதா?"

"காது நல்லாத் தெரியுது. முடி வளந்து கிடக்கு, வெட்டுங்க."

மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; காதைத் தடவிப் பார்த்தேன்.

திரையில் இப்போது ஐந்தே வரிதான் நின்றது. டீச்சர் முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள். அதிலேயே ஒரு பிழை பிடித்தாள்.

"இதையும் நகல் எடும்மா," என்று மருமகளிடம் சொன்னேன். "எண்ணு மாறும்போதெல்லாம் எடுக்கணும். எனக்கும் சொல்லணும். வேலையை விடுன்னு சொல்ல மாட்டேன்."

வழக்கமாக நான் அவளுக்கு நேர் எதிரே உட்காருவேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய இடது பக்கம் போனேன்.

"இங்கயா?"

"கொஞ்சம் முன்னாடி."

நகர்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தேன்.

"அங்கயே இருங்க," என்றாள், சுவரைப் பார்த்தபடி.