வலப்பக்கக் கதவு

மிசஸ் கோசிக்கின் வண்டி எங்கள் வீட்டு முன் வந்து நின்றபோது நான் கராஜ் வாசலில் நின்று என் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அன்றும் அவன் மத்தியானம் சாப்பிடவில்லை. நான் வைத்துவிட்டு வேலைக்குப் போன சாண்ட்விச் தட்டோடு அப்படியே இருந்தது, ரொட்டி காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டு. "இந்த ஓட்டை வண்டிக்கு எண்ணெய் ஊத்தற அக்கறையில பாதி உன் வயித்து மேல இருக்கா?" என்று கேட்டேன். லைல் பெயிண்ட் தின்னர் நனைத்த துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் இருந்தால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அது எழுபதாம் வருஷத்து செவெல் கார். லைலும் டேல் கோசிக்கும் பாதிப் பாதி போட்டு ஒரு சோளக்காட்டுக்காரனிடமிருந்து வாங்கியது. இரண்டு பேரும் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார்கள். பிறகு ஒரு நாள் பீர் குடித்துவிட்டு ஓட்டினார்கள். ஓட்டியது லைல். ஏரிக்குப் போகும் சாலையில் வண்டி பக்கவாட்டில் சறுக்கி, வாய்க்கால் பாலத்துக் கல்லில் வலப்பக்கக் கதவு போய் மோதியது. அந்தப் பக்கம், ஓட்டுகிறவனுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் டேல். மிசஸ் கோசிக்கின் ஒரே பிள்ளை.

லைல் ஜெயிலுக்குப் போனான். வழக்கு முடிந்ததும் போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்தது. பழைய இரும்புக்குப் போடத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி கராஜில் தள்ளினேன். விடுதலையாகி வந்தவன் வீட்டுக்குள் பையை வைப்பதற்கு முன் கராஜுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் இதுதான் பிழைப்பு என்று.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி வண்டிக்குக் கதவு கிடைப்பது கஷ்டமில்லை. கென்டக்கிப் பக்கம் ஒரு போன் போட்டால் துருப்பிடிக்காத கதவு ஒன்றை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான். லைல் செய்யவில்லை. வாஷ்பேசின் மாதிரி உள்ளே குழிந்துபோன அந்தக் கதவையே கழற்றி மேஜையில் போட்டு, உள்பக்கம் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளியே சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்கினான். பனிக்காலம் முழுக்கத் தட்டினான். அடுப்படியில் நிற்கும்போது அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்கும். பள்ளத்தை நிரப்ப ஒரு கரண்டி பட்டிகூட வைக்கமாட்டேன் என்றான். நான் டிரெய்லர் கம்பெனியில் வெல்டிங் வேலை செய்கிறவள், நல்ல டிங்கரிங் எது, ஏமாற்று வேலை எது என்று எனக்குத் தெரியும். அவன் செய்ததைப் போல நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊரில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். சனம் மொத்தமும் மெயின் தெருவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். அதில் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய், ஊர் முகத்தை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்பது லைலின் எண்ணம். முடியாவிட்டால் அரிசோனாவில் ஒருத்தன் குடோன் வேலை தருகிறானாம், கிளம்பிவிடுவானாம். போனால் திரும்பி வரமாட்டான். அம்மாவும் இல்லாத வீட்டில் எனக்கென்று இருப்பது இந்த ஒரு முட்டாள்தான். அவன் போகக்கூடாது. அதற்காக அந்தச் சுத்தியல் சத்தத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கேட்பேன்.

மிசஸ் கோசிக் வண்டியிலிருந்து மெல்ல இறங்கினாள். வெள்ளிக்கிழமை, படைவீரர் மன்றத்தில் அவளும் மற்றவர்களும் ஊருக்கு மீன் வறுத்துப் போடும் நாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள், மாவும் எண்ணெயும் மணத்தது. லைல் வந்த பிறகு நான் அந்த மீனைத் தின்னப் போனதில்லை. அவள் கையால் தட்டு வாங்க எனக்குத் தைரியம் கிடையாது.

"ஊர்வலத்துல ஓட்டப் போறியாமே" என்றாள்.

"ஆமா மிசஸ் கோசிக்" என்றான் லைல். துணியைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான்.

"யார் சொன்னாங்கன்னு கேக்கலையே நீ."

"இந்த ஊர்ல யார் சொல்லலைன்னுதான் கேக்கணும்" என்றேன் நான். என் வாய்க்கு என்றைக்குமே பூட்டு கிடையாது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் வருஷா வருஷம் மருந்துக்கடை முன்னாடிதான் நாற்காலி போடுவேன். அங்கேருந்து பாத்தா வலப்பக்கம்தான் தெரியும். அதான் முன்னாடியே பாத்துடலாம்னு வந்தேன்." வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். "வேற கதவு போட்டுட்டியா?"

"இல்ல. அதே கதவுதான்."

"அப்ப எங்க அது?"

லைலுக்குப் புரியவில்லை. "எது?"

"பட்ட எடம்."

அவன் விரலால் காட்டினான். தட்டி முடித்து வண்டியில் திரும்பப் பூட்டிய கதவு அன்று பழைய பெயிண்டெல்லாம் உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பெயிண்டுக்கு அடிப்பூச்சாக நான் பிரைமர் அடிப்பதாகப் பேச்சு. வெறும் இரும்பில் வெறுங்கை வைக்கக்கூடாது, எங்கள் வேலையில் அது எல்லாருக்கும் தெரியும். வேர்வை பட்டால் ராத்திரியிலேயே துருப்பிடிக்கும், அதிலும் ஏரிக்காற்று அடிக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். அவள் கை நீட்டியதும் நான் வாயைத் திறந்தேன். லைல் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

உள்ளங்கையை முழுசாக வைத்தாள். அழுத்தி, மேலும் கீழும் நகர்த்தி, கண்ணில்லாதவர்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோலத் தேடினாள். கடைசியில் ஓரிடத்தில் கையை நிறுத்தி அப்படியே நின்றாள்.

"ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

"இல்லல்ல?" என்றான் லைல். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் தடுப்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான். "பட்டி துளிகூட வைக்கல மிசஸ் கோசிக். மொத்தமும் தட்டியே எடுத்தது. லைட் போட்டுப் பாத்தாலும் ஒரு அலைகூடத் தெரியாது."

மிசஸ் கோசிக் கையை எடுக்காமலே அவனைப் பார்த்தாள்.

"நான் உன்னைப் பாராட்டல, லைல்."

அவன் முகம் வெளுத்துப்போனது.

"கல்லறையில அவன் பேரு இருக்கு. பேரு மட்டுந்தான். அவனுக்கு அடிபட்டதுன்னு சொல்ல இந்த ஒரு எடம் இருந்துச்சு. தார்ப்பாய்க்கு அடியில இருக்குன்னு தெரியும். பாக்க வரமாட்டேன், ஆனா இருக்குன்னு தெரியும்." கையை எடுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "அழகாத்தான் செஞ்சிருக்கே. அதான் தாங்க முடியல."

வண்டியைப் பின்னால் எடுத்தபோது எங்கள் தபால்பெட்டியில் லேசாக உரசிவிட்டுப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு என்ன தெரியும்? இவன் ஜெயிலில் எப்படி இருந்தான், தூக்கத்தில் எப்படிக் கத்துகிறான், எதுவும் தெரியாது. "அவங்க சொல்றதைத் தலையில ஏத்திக்காதடா. ஆறு மாசம் தட்டியிருக்கே, அது என்ன சும்மாவா?" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்த அம்மாள் சொன்னது நியாயம். நியாயம் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

லைல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவன் உக்காந்த பக்கத்தை நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், ரோண்டா" என்றான். "தொட்டுப் பாத்தாத் தெரியும்னு." பிறகு காய்ந்துபோன சாண்ட்விச்சை எடுத்து முழுவதும் தின்று முடித்தான். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

காலையில் நான் பெயிண்ட் அடிக்கும் காற்று மெஷினை இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போனபோது அவன் எனக்கு முன்பே அங்கே நின்றான். படுத்தானா என்று தெரியவில்லை. கதவில் ஒரு கை இருந்தது. ஐந்து விரல், உள்ளங்கை, ரேகை உட்பட, செம்மஞ்சள் துருவாக எழும்பியிருந்தது. குழி இருந்த இடத்தின் மேல் சரியாக.

"தேய்ச்சா ரெண்டு நிமிஷ வேலை" என்று உப்புத்தாளை எடுத்தேன்.

"வேணாம்."

"டேய், துரு மேல அடிச்சா நிக்காது. உனக்குத் தெரியாததா? ரெண்டு பனிக்காலம் போனா கொப்புளம் கொப்புளமா மேல வந்துடும்."

"கை மாதிரியே வருமா?"

நான் அவனை உற்றுப் பார்த்தேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"வரலாம். நான் எங்கடா கண்டேன்?"

"அப்ப அடி."

"ஊரே பாக்கும், லைல். ரெண்டு வருஷம் கழிச்சு ஊர்வலத்துல, மேல அடிக்கப்போற சிவப்பு பெயிண்டைப் பொத்துக்கிட்டு வந்து நிக்கும். என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நான்தானே சொல்லணும்" என்றான். "அதுக்கு நான் இங்க இருக்கணும் இல்ல?"

நான் மற்றதையெல்லாம் முதலில் அடித்தேன். இடப்பக்கம், கூரை, பின்மூடி, வலப்பக்கப் பின்பகுதி. அடிக்க அடிக்க அவன் மனம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை. முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. கடைசியாகக் கதவுக்கு வந்தேன். வாழ்க்கையில் ஒரு வேலையைக்கூட நான் தெரிந்தே கெடுத்ததில்லை. பெயிண்ட் துப்பாக்கியைத் தூக்கினேன். பிரைமரின் சாம்பல் நிறப் புகை முதலில் அந்தத் துருக் கையின் மணிக்கட்டில் படிந்தது, பிறகு உள்ளங்கையில். விரல்கள் இன்னும் தெரிந்தன. லைல் முகமூடி இல்லாமலே பக்கத்தில் வந்து நின்றுகொண்டான், அவை ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்தபடி.